இரவல் போகாத சில்லு

மகன், ஸலாம். உம்மாவும் நானும் சுகம். ஆடுகளும் சுகம். நல்ல செய்தி இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் கோபம், ஆறுதலாக உட்கார்ந்து வாசி.

போனில் நான் சத்தம் போட்டால், “வாப்பா, சிக்னல் இல்ல” என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. பின்னேர வகுப்பில் எழுத்துப் படித்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரு பக்கம் நிரப்ப எனக்கு ஒரு பின்னேரம் முழுதும் போகிறது. அதற்குள் கோபம் ஆறிவிடும் என்று உம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆறவில்லை. ‘கோபம்’ என்ற சொல்லை முதன்முதலாக என் கையால் எழுதி முடித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. குர்ஆன் எழுத்து சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் மகனை ஏசுவதற்கு அந்த எழுத்தை எடுக்க முடியாதல்லவா. அதற்குத் தமிழ்தான் தேவைப்பட்டது. வகுப்பு டீச்சர் இதைப் பார்த்துவிட்டு, நன்றாக வந்தால் வகுப்பின் மலரில் போடலாம் என்றார். போடுங்கள் என்றேன். கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் மகன் எனக்கு மட்டுமா இருக்கிறான்? மற்றவர்களும் வாசிக்கட்டும்.

விசயம் சைக்கிள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்தபோது நீ ஒரு பெரிய பெட்டியோடு பஸ்ஸில் இருந்து இறங்கினாய். உடுப்பு என்று நினைத்தோம். உள்ளே சைக்கிள் சாமான். என்னுடைய கியர் சைக்கிள் நீ பள்ளிக்கூடம் போன காலத்தில், ஜப்பானில் இருந்து பழைய சாமானோடு வந்தது என்பது உனக்குத் தெரியும். டவுனில் ஒரு வியாபாரி மொத்தமாக இறக்கி விற்ற கூட்டத்தில் ஒன்று. நீ அதன் இரும்புச் சட்டத்தைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாய். கொழும்பில் உன்னோடு சைக்கிள் ஓடும் கூட்டாளிகள் இப்படி ஒரு சட்டம் எங்கேயாவது கிடைக்குமா என்று தேடித் திரிகிறார்களாம். “வாப்பா, இது சும்மா சைக்கிளில்ல. மலையில ஓடுறதுக்கெண்டு முதல்ல செஞ்ச காலத்துச் சைக்கிள். இப்பிடி ஒரு சட்டத்துக்குப் போய் இந்தக் குப்பைச் சாமானப் பூட்டியிருக்காங்க” என்றாய்.

“குப்பையெண்டா இவ்வளவு காலம் எப்படி மகன் ஓடினது?” என்று கேட்டேன்.

“ஓடுறது வேற வாப்பா, நல்லா ஓடுறது வேற.”

உம்மா குசினியில் இருந்து, “உங்கட வாப்பாவும் பழைய சாமான்தான். அவருக்கும் புதுசா ரெண்டு முழங்கால் பூட்டிட்டுப் போ மகன்” என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். இரண்டு பகல் முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பழையதை எல்லாம் கழற்றிப் புதியதைப் பூட்டினாய். பின்சில்லு, சக்கரம் முழுதுமே புதியது; பழையதைக் கொழும்புக்கு என்று பெட்டியில் போட்டாய். புதியதன் நடு உருளை அகலம் கூட என்று சட்டத்தின் பின் கவட்டை இரண்டு பக்கமும் இழுத்து விரித்தாய். கரியரைக் கழற்றினாய். “அது இருந்தா வடிவில்ல வாப்பா” என்றாய். நான் தடுக்கவில்லை. அது மட்டுமல்ல, அந்த ஜும்மாவுக்கு அதில் ஏறிப் போனேன். தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரம் பார்த்து மெதுவாக மிதித்தேன். பிரேக்கை ஒரு விரலால் தொட்டால் நின்றது. எதிர்க் காற்றிலும் கியர் மாறும் சத்தம் கேட்கவில்லை. நீ பூட்டியதில் குறை சொல்ல முடியாத சாமான்களும் இருக்கின்றன என்று இங்கே எழுதிவைக்கிறேன். கோபத்தில் இருப்பவன் பொய் சொல்லக் கூடாது.

ஆனால் குப்பை என்றாயே, அந்தச் சாமான்களைப் பற்றி முதலில் சொல்லுகிறேன். நான் போய் வருவது உப்பளத்து வரம்பில். காற்றிலேயே உப்பு இருக்கிறது. பழைய சீட் தண்டு வெறும் இரும்பு. துருப்பிடிக்கும், ஒத்துக்கொள்ளுகிறேன். துருப்பிடித்தால் மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் இறங்கும். நீ பூட்டியது பாரமில்லாத வெள்ளை அலுமினியத் தண்டு. அதை உப்பு இரும்புச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டது. இப்போது ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. சைக்கிள் உன் உயரத்தில் நிற்கிறது. நான் ஏறும்போது பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்க்கிறார்கள். பழைய கியர்ப் பிடிக்கு ‘டிக் டிக்’ என்ற சத்தம் கிடையாது. பெருவிரலால் தள்ளி, சங்கிலி எங்கே உட்காருகிறதோ அங்கே விட வேண்டியதுதான். சைக்கிள் விழுந்து பின்பக்கம் கொஞ்சம் வளைந்தாலும் அது வேலை செய்யும், ஏனென்றால் அதற்கு அளவு பார்ப்பது என் விரல். உன்னுடையதற்கு ஒரு மயிரிழை விலகினாலும் கோபம் வந்துவிடுகிறது. பழைய சில்லின் நடுவே இருந்தவை சாதாரண இரும்புக் குண்டுகள். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துப் பூட்டலாம். டவுனில் எந்தக் கடையிலும் குண்டைக் கடதாசியில் சுற்றித் தருவான். புதியதன் குண்டுகள் மூடி முத்திரை வைத்த வளையத்துக்குள் இருக்கின்றன. உப்பு உள்ளே போகிறது, என் கை உள்ளே போக முடியவில்லை. மலிவான சாமான் என்றால் கெட்டுப்போகாத சாமான் என்று நான் சொல்லவில்லை. அது கெட்டுப்போகும். ஆனால் கெட்டுப்போனால் நாங்களே திறந்து பார்க்கலாம்.

இதற்காக மட்டும் என்றால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு ஏச்சு ஏசிவிட்டு விட்டிருப்பேன்.

உனக்கு ஒன்று தெரியாது. தெரியாதது உன் பிழையில்லை, நீ புத்தகத்தோடு இருந்தாய். இந்தக் கரையில் என்னைப் போல் வேலைக்குப் போகும் ஆட்கள் முக்கால்வாசிப் பேரிடம் இருப்பது அந்த வியாபாரி இறக்கிய அதே கூட்டத்துச் சைக்கிள்தான். நிறம் வேறு, பெயர் வேறு, பூட்டியிருக்கும் மலிவுச் சாமான் ஒன்று. ஒருவனுடைய சில்லு மற்றவனுக்குப் பொருந்தும். அதனால் ஒரு வழக்கம் வந்தது. யாருடைய சில்லாவது உடைந்தால், அன்றைக்கு வேலை இல்லாதவன் வீட்டுக்கு ஸ்பேனரோடு போவான். வீட்டுக்காரன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான், வந்தவன் தானே கழற்றிக்கொண்டு போவான். ஏன், எவ்வளவு தூரம், எப்போது தருவாய் என்ற கதையே கிடையாது. திருப்பிக் கொண்டுவரும்போது கிரீஸ் வைத்து, காற்றடித்துக் கொண்டுவர வேண்டும். என் பின்சில்லு இந்த ஊரில் ஓடாத பாதை இல்லை. சில நாட்களில் யாரிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பின்னேரம் வந்து சேரும், நான் வைத்ததை விட நல்ல கிரீஸோடு.

இந்த வழக்கத்துக்குள் என்னைக் கொண்டுவந்தவர் ஜுனைதீன். வகுப்பு மலரில் வாசிப்பவர்களுக்காகச் சொல்லுகிறேன்: ஜுனைதீன் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், என்னைவிட இளையவர், என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்பவர், சைக்கிளில் மீன் வியாபாரம். களப்புக்கரையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டு, காட்டோரமாக எலுவன்குளம் வரை மிதித்துப் போய் விற்பார். அங்கே சிங்களத்தில் அவரை ‘மாலு முதலாளி’, மீன் முதலாளி, என்று கூப்பிடுகிறார்கள். மீனைத் தவிர முதலாளித்தனம் ஒன்றும் அவரிடம் இல்லை. அவருடைய குடும்பம் தலைமுறையாக இந்தப் பக்கத்து ஆட்கள். நாங்கள் மன்னாரில் இருந்து துரத்தப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர்கள். வந்து பல வருசம் ஆன பிறகும் எங்களுக்குப் பெயர் ‘வந்த ஆக்கள்’. கடையில், பள்ளிவாசலில், கிணற்றடியில், யாரும் எங்களைக் குறைவாக நடத்தவில்லை. ஆனால் ஒரு சாமான் இரவல் கேட்கவும் மாட்டார்கள், நாங்கள் கேட்கவும் மாட்டோம்.

அந்தக் காலத்தில் ஒரு நாள் உப்பளத்துக்குப் போகும் வழியில் என் சில்லு எட்டுப் போல் நெளிந்துவிட்டது. நான் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். ஜுனைதீன் வேலியோரம் நின்றார். கூட நின்ற ஒருவர், “அவங்கட சாமான் வேற, நம்மட சாமான் வேற” என்றார். ஜுனைதீன் குனிந்து என் பின்சில்லைப் பார்த்தார். பிறகு தன்னுடையதைக் கழற்றத் தொடங்கினார். “என்ன வேற? வந்தவன்ட சைக்கிளுக்கும் இதே சில்லுத்தானே” என்றார். அவ்வளவுதான். அடுத்த கிழமை அந்தக் கூட நின்ற ஆளே ஸ்பேனரோடு என் வாசலில் வந்து நின்றார். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டே இருந்தேன், எழும்பவில்லை. தேத்தண்ணி முடிந்த பிறகும் வெறும் கோப்பையைக் குடித்துக்கொண்டிருந்தேன் என்பது உன் உம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மகன், நான் இந்த ஊர் ஆள் ஆனது காணி உறுதி கிடைத்த நாளில் இல்லை. அன்றைக்குத்தான்.

இனி நீ சைக்கிளை வடிவாக்கிவிட்டுப் போன பிறகு நடந்ததைக் கேள். சுபஹ் தொழுது வந்து நான் முற்றத்தில் இருக்கிறேன். ஜுனைதீன் ஸ்பேனரோடு வந்தார். கரையில் மீன் எடுத்துப் பெட்டியில் அடுக்கி, வீதிக்கு ஏறும்போது பின் அச்சு உடைந்துவிட்டதாம். சைக்கிள் அங்கே மரத்தில் சாய்ந்து நிற்கிறது, மீன் ஐஸில் கிடக்கிறது. வழக்கம்போல என்னைப் பார்க்காமலே என் சைக்கிளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். நட்டைத் தேடினார். நட்டு இல்லை.

“இதென்ன நானா, எதால கழட்டுறது?”

நீ காட்டித் தந்தபடி அந்தப் பிடியை மடக்கிக் கழற்றிக் கொடுத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கரைக்குப் போனோம். அவருடைய கவட்டுக்குள் அது இறங்கவில்லை. நடு உருளை அகலம். அவர் ஒரு பக்கம் இழுத்தார், நான் ஒரு பக்கம் இழுத்தேன். பல் சக்கரமும் வேறு, அவருடைய சங்கிலி அதில் உட்காரவில்லை. ஐஸ் தண்ணீர் பெட்டிக்குக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் மற்றவர்கள் சைக்கிளோடு வேலைக்குப் போயிருந்தார்கள். “சில்லு வேணாம், என்ட சைக்கிளையே கொண்டு போ” என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பெட்டிய எங்க நானா வெக்கிறது? தலையிலயா?” கரியர் இல்லை. அது இருந்தால் வடிவில்லையே.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். மகன் ஆசைக்குப் பூட்டினான், அப்படி இப்படி என்று. அவர் சிரித்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். “பரவாயில்ல நானா. உங்கட மகன் உங்களுக்குக் குதிர வாங்கித் தந்திருக்கான். நாங்க கழுதையோட கிடக்கிற ஆக்கள்தானே” என்றார். அன்றைய மீனில் பாதி அக்கம்பக்கத்துக்குப் போனது, மீதியை அவருடைய மனைவி உப்புப் போட்டுக் காயவைத்தாள். எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. உம்மா ஆக்கினாள். நான் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழும்பினேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் ஸ்பேனரோடு வரவில்லை. யாரும் என்னோடு சண்டை இல்லை. ஸலாம் சொல்லுகிறார்கள், சுகம் கேட்கிறார்கள், சைக்கிள் நல்ல வடிவு என்கிறார்கள். போன மாதம் ஒருவருடைய சில்லு நெளிந்து, என் வாசலைத் தாண்டி, என் வேலியைத் தாண்டி, அந்தத் தொங்கலில், கடைசியில் இருக்கும் வீட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டு போனார். நான் முற்றத்தில்தான் இருந்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுபடியும் நான் ‘வந்த ஆள்’ ஆகிவிட்டேன், மகன். இந்த முறை என்னை யாரும் துரத்தவில்லை. என் வீட்டுக்குள்ளேயே, என் முற்றத்திலேயே, என் மகன் சாக்கு விரித்து உட்கார்ந்து செய்துவிட்டுப் போனான்.

இதைப் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? “இவ்வளவுதானா வாப்பா? அவருக்கு ஒரு புதுச் சில்லு அனுப்பிவிடுறன்” என்றாய். வேண்டாம் என்றேன், சிக்னல் இல்லை என்றாய். சொன்னபடி பஸ்ஸில் போட்டும் அனுப்பினாய், அவருடைய கவட்டுக்குப் பொருந்துகிற மாதிரிக் கேட்டுப் பார்த்து வாங்கியும் அனுப்பினாய். உன் மனம் நல்லது என்று எனக்குத் தெரியும். நல்ல மனத்தோடு நீ செய்கிற வேலைகள்தான் என்னைக் கொல்லுகின்றன. நான் அதைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனேன். ஜுனைதீன் வலை தைத்துக்கொண்டிருந்தார். சில்லைக் கையில் வாங்கிச் சுழற்றிப் பார்த்தார். “நல்ல சாமான். மகனுக்கு துஆச் செய்றன் எண்டு சொல்லுங்க” என்றார். பிறகு அதை என் கையிலேயே தந்தார். “ஆனா நானா, இத நான் எப்பிடித் திருப்பித் தாறது?”

சில்லைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்கு உனக்குப் பதில் வருகிறதா? அவர் சில்லுக்கு வழியில்லாமல் என்னிடம் வந்தவர் இல்லை. என்னிடம் இரவல் கேட்க வந்தவர். இரவல் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே உயரம், நாளைக்கு இடம் மாறும். சும்மா கொடுத்தால் அவர் கீழே, நான் மேலே. அந்தச் சீட் மாதிரி, பிறகு ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

இப்போது நீ கலியாணம் முடிக்கப் போகிறாய். மருமகளாக வரப்போகிற பிள்ளை உம்மாவின் போனுக்கு நீங்கள் குடியிருக்கப் போகிற வீட்டின் படங்கள் அனுப்பியிருந்தாள். நல்ல பிள்ளை, அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்தில் முன் அறைச் சுவரில் என் பழைய பின்சில்லு தொங்குகிறது. கம்பிகளுக்கு நடுவே சின்னச் சின்ன மின்குமிழ் கோர்த்திருக்கிறாய். ஊரெல்லாம் ஓடிய சில்லு கொழும்பில் கலியாண வீட்டுப் பந்தல் மாதிரி எரிந்துகொண்டிருக்கிறது. உம்மா வடிவாக இருக்கிறது என்றாள். நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

உன் வீட்டுக்கு நல்ல சாமான் வாங்கு. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நல்ல பிரேக் நல்ல பிரேக்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டிக் கேட்கக்கூடிய சாமானும் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு ஏணி, ஒரு பெரிய சட்டி, நாலு பிளாஸ்டிக் கதிரை. கீறு விழுந்தால் உனக்கு மனம் நோகாத சாமான். கொடுக்கப் பயப்படுகிற சாமான்களால் வீட்டை நிரப்பினால், கொஞ்ச நாளில் மனிதர் உன் கதவைத் தட்ட மாட்டார்கள். அவர்கள் வராமல் இருப்பது கோபத்தால் இல்லை என்பதால் உனக்கு அது தெரியவும் வராது. அந்தப் பிள்ளையிடம் இதை வாசித்துக் காட்டு. அவள் கேட்பாள் என்று நினைக்கிறேன். அவளுக்கு உன்னைவிடக் காது நல்லது.

இனி நீ செய்ய வேண்டியது. கலியாணத்துக்குச் சொல்ல அடுத்த கிழமை வருகிறாய் அல்லவா? அந்த மின்குமிழ்களைக் கழற்றிச் சுவரிலேயே தொங்கவிடு, சில்லைக் கொண்டு வா. நீ விரித்த கவட்டை நட்டுப் போட்டு இறுக்கினால் திரும்பவும் நெருங்கும். இரும்புதானே, மன்னிக்கத் தெரிந்தது. கரியர் கோழிக்கூட்டின் மேல் கிடக்கிறது. அதை நான் பூட்டுவேன். ஆனால் பஸ்ஸில் இருந்து இறங்கி நேரே வீட்டுக்கு வராதே. ஜுனைதீன் வீட்டுக்குப் போ. கையில் இனிப்புப் பெட்டி, உடுப்பு, ஒன்றும் கொண்டு போகாதே. மன்னிப்பும் கேட்காதே, அவர் அதற்குச் சிரித்துவிடுவார். வீடு வீடாகப் போய்க் கலியாணம் சொல்ல வேண்டும், உங்கட சைக்கிளத் தாங்க சாச்சா என்று கேள். மீன் வாடை அடிக்கும். மாப்பிள்ளை மீன் வாடையோடு போய் ஊரை அழைக்கட்டும்.

தருவாரா என்று எனக்குத் தெரியாது. தராவிட்டால் நடந்து போய்ச் சொல்லு, மறுநாளும் போய்க் கேள். அன்றைக்கும் இல்லை என்றால் அதற்கு அடுத்த நாள் நானும் உன்னோடு வருகிறேன். இத்தனை நாளாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, போவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனியாகப் போய்க் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, மகன்.

இன்னும் கோபத்தோடு,
வாப்பா